ஊருக்கெல்லாம் தாய்மாமன்

என்ன அண்ணாச்சி, திரும்பித் திரும்பிப் பாக்கிய? எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரி இருக்கு, ஆனா பிடிபடல, அப்படித்தான? எல்லாரும் அதான் சொல்லுதாவ. நேத்து டீக்கடையில ஒருத்தர், நீங்க சீரியல்ல வாரவரான்னு கேட்டாரு. இல்லன்னு சொல்ல மனசு வரல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தத் தாம்பாளப் பைய மடியில வச்சுக்கிடுதேன். கீழ வச்சா பழம் நசுங்கிரும்.

மானூர்ல ஒரு வீட்டுக்குச் சீர் கொண்டு போறேன். யாரு வீடா? தெரியாது. நெசமாத்தான் சொல்லுதேன், அவுக யாரு என்னன்னே எனக்குத் தெரியாது. ஆனா அந்த வீட்டுப் பிள்ளைக்கு நாந்தான் தாய்மாமன். முழிக்காதிய, சொல்லுதேன். மானூர் வர இன்னும் நேரங் கெடக்கு.

எனக்குச் சங்கரன்கோவில்ல பிளெக்ஸ் கடை. பேரு கோமதிநாயகம். நாயகம் டிஜிட்டல்ஸ்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல யாரும் கை காட்டுவாவ. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுன்னாலும் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு அடிச்சுக் குடுப்போம். என் கைக்கு ஒரு ராசி உண்டு. செத்துப்போன ஆளுகூட என் டிசைன்ல மாப்பிள்ள கணக்கா இருப்பாரு. பெஞ்சாதியே அடையாளம் தெரியாம யாரு இவுகன்னு கேட்டிருக்கா.

எங்க ஊர்ல பிளெக்ஸ் கடை ஏழெட்டு இருக்கு. எல்லாருஞ் சேந்து ஒரு சங்கம். செயலாளர் நான். போட்டியில்லாம ஜெயிச்சேன், வேற யாரும் நிக்கல. முந்தியெல்லாம் அவனவன் கம்ப்யூட்டர்ல அவனவன் படம். ஒரு நல்ல மாரியம்மன் படம் வேணும்னா ஞானதிரவியம் அண்ணாச்சி கடைக்குப் பென் டிரைவ எடுத்துக்கிட்டு ஓடணும். அவரு வேதக்காரரு, ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறவரு. ஆனா ஊர்லயே லெச்சணமான மாரியம்மன் அவருகிட்டத்தான் இருந்தா. நாங்க ரெண்டு பேரும் தொழில்ல எதிரி, டீ குடிக்கப் போனா ஒண்ணாத்தான் போவோம்.

இந்த ஓட்டம் ஆகாதுன்னு மேலப்பாளையத்துல இருந்து பெனாசிர்னு ஒரு பிள்ளைய வரச்சொன்னோம். சாப்ட்வேர் வேல பாக்கிற பிள்ள. நல்ல கெட்டிக்காரி. எல்லாக் கடைப் படத்தையும் ஒரே பொதுப் பெட்டியில போட்டுருவோம்னா. பெட்டின்னா மரப்பெட்டி இல்ல, எங்கயோ வாடகைக்கு ஒரு சர்வர். நம்ம கடையில டிசைன் போடுத சாப்ட்வேர் இருக்குல்லா, அதுல ஒரு பொத்தான் வச்சுக் குடுத்தா. அத அமுக்கி மாரியம்மன்னு அடிச்சா, வெப் சர்வீஸ்னு ஒண்ணு இன்டர்நெட் வழியாப் போயி பொதுப் பெட்டியில இருந்து மாரியம்மன எடுத்துட்டு வந்து நம்ம டிசைன்ல நிறுத்திரும். ஓட வேண்டாம், பென் டிரைவ் வேண்டாம்.

சங்கத்துல எல்லாரையும் உக்கார வச்சு விளக்கினா. "அண்ணே, ஒண்ண மட்டும் மறந்துராதீங்க. படம் உங்க டிசைனுக்குள்ள வந்து குடியிருக்காது. இந்த எடத்துல இந்தப் பேருள்ள படம்னு ஒரு குறிப்புதான் இருக்கும். ஒவ்வொரு தடவ டிசைனத் தொறக்கும்போதும் அங்க போயி, அன்னைக்கு என்ன படம் இருக்கோ அதத்தான் எடுத்துட்டு வரும். குழாய்த் தண்ணி மாதிரி. தொட்டியில என்னத்தக் கலந்தாலும் எல்லா வீட்டுக் குழாயிலயும் அதான் வரும்"னா. ஞானதிரவியம் அண்ணாச்சி ரெண்டு மட்டம் சந்தேகம் கேட்டாரு. வயசாயிட்டுல்லா. எனக்கு ஒரு சந்தேகமும் வரல, அந்த அளவுக்குப் புரிஞ்சிட்டு. பொதுப் படத்த மாத்துத பாஸ்வேர்டு ஒரே ஆளுகிட்டதான் இருக்கணும், பொறுப்பான ஆளா இருக்கணும்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. அதனால நானே வச்சுக்கிட்டேன்.

இப்ப இந்த மாதிரிப் படம்னா என்னன்னு சொல்லணும், இல்லன்னா கத உங்களுக்குப் பிடிபடாது. காதுகுத்து பிளெக்ஸ்னா நடுவுல பிள்ள, ரெண்டு பக்கமும் அம்ம அப்பன், வலது ஓரத்துல கும்புட்டபடி தாய்மாமன். ஆர்டர் குடுக்கவுக போட்டோ தாரேன் தாரேன்னுவாவளே தவிர, கடைசி நாளுலதான் போன்ல அனுப்புவாவ. அதுவரைக்கும் அந்த எடத்துல ஒரு மாதிரிப் படத்த நிறுத்தி வச்சிருப்போம். தாய்மாமனுக்கு ஒரு மீசக்காரன். அவன் யாருமே இல்ல, கம்ப்யூட்டரே உண்டாக்கின மூஞ்சி. அப்பத்தான் எவனும் சண்டைக்கு வரமாட்டான்னு பெனாசிர் அவனப் போட்டுவச்சா. எல்லாக் கடை ஆபரேட்டர் பிள்ளைகளுக்கும் அந்த மீசக்காரன் மனப்பாடம். திரையில அவன் நின்னா, போட்டோ இன்னும் வரல, அடிக்காதன்னு அர்த்தம். வேற மூஞ்சி நின்னா, போட்டோ வந்துட்டு, அடிச்சிரலாம். எங்க தொழில்ல அதான் வழக்கம்.

சரி, இனிமே என் வயித்தெரிச்சல்.

எனக்கு ஒரே தங்கச்சி, வடிவு. கட்டிக் குடுத்த மாப்பிள்ள சொரிமுத்து, அரிசி மில்லுல இருக்கான். தங்கமான பையன், ஆனா பிடிவாதம். ரெண்டு வருசத்துக்கு முந்தி புதுசா வீடு கட்டினாவ. கிரகப்பிரவேச பிளெக்ஸ் நாந்தான் சும்மா அடிச்சுக் குடுத்தேன். அதுல என் படம் கொஞ்சம் பெருசா விழுந்துட்டு. கொஞ்சம்னா, வீட்டுக்காரன விட ஒரு மடங்கு. டிசைன்னு பாத்தா அதான் எடுப்பு. வந்த ஆளுகள்ல ரெண்டு பேரு என்னய வீட்டுக்காரன்னு நெனச்சுக் கவரக் குடுத்துட்டுப் போனாவ, அதுக்கு நான் என்ன செய்ய? அன்னைக்கு மாப்பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். நானும் ஒரு பேச்சுக்கு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னேன். ஒரு பேச்சுக்குத்தான். அத அப்படியே பிடிச்சுக்கிடுததா? ஒருத்தரும் வந்து மிதின்னு சொல்லல. நானும் மிதிக்கல.

அதுக்கப்புறந்தான் வடிவுக்குப் பையன் பொறந்தான். ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன், அவ்வளவுதான். அண்ணாச்சி, மருமகனத் தூக்கணும்னு எனக்குக் கை துடிக்கும். கடைக்கு எந்தக் கைப்பிள்ள படம் வந்தாலும் இந்நேரம் அவன் இந்த அளவு இருப்பான்லான்னு நெனப்பேன். ஒரே சமாதானம், பயலுக்குக் காது குத்தணும்ல? தாய்மாமன் மடியில இருத்தித்தான குத்தணும்? எப்படியும் என்னயத் தேடி வரணும்லான்னு இருந்தேன்.

ஆவணி பொறந்துட்டு. ஒருத்தரும் வரல. பாத்தா, காதுகுத்து பிளெக்ஸ் ஆர்டர ஞானதிரவியம் கடையில குடுத்திருக்கான் மாப்பிள்ள! சொந்த மச்சான் பிளெக்ஸ் கடை வச்சிருக்கும்போது! எங்க சித்தப்பா மகன் இசக்கிராஜ் ஒருத்தன் மெட்ராஸ்ல இருக்கான், அவனும் முறைக்கு மாமன்தான். அவன் மடியில இருத்திருவாவளோன்னு ஒரு எண்ணம். சோறு இறங்கல.

அப்பத்தான் ஒரு யோசன வந்துது. அதத் தப்புன்னு சொல்லப்பிடாது, யோசன. ஞானதிரவியம் கடை டிசைன்லயும் அந்த மீசக்காரந்தான நிப்பான்? பொதுப் பெட்டியில அவன எடுத்துட்டு அதே பேருல என் படத்தப் போட்டுட்டா? அவரு தொறப்பாரு, ஓகோ, தாய்மாமன் போட்டோ வந்துட்டுன்னு அடிச்சிருவாரு. பிளெக்ஸ் கோயில் வாசல்ல ஏறிட்டா ஊரு உலகத்துக்கே நாந்தான் மாமன். அப்புறம் எப்படி இன்னொருத்தன் மடியில இருத்துவான்?

என் கல்யாணத்துல எடுத்த படத்த எடுத்தேன். லேசா வெளுப்பாக்கினேன். முன்னந்தலையில கொஞ்சம் முடி சேத்தேன். கன்னத்த ஒதுக்கி, மீசைய முறுக்கி விட்டேன். எனக்கே கையெடுத்துக் கும்புடணும் போல இருந்துது. பாஸ்வேர்டப் போட்டு ஏத்திட்டு நிம்மதியாச் சாப்பிட்டேன்.

மறுநாள் தேரடியில பாக்கேன், எட்டடிக்கு என் படம். நெஞ்சு நெறஞ்சு போச்சு. கிட்டப் போயி கீழ வாசிக்கேன், பிள்ள பேரு வேற. அம்ம அப்பன் யாருன்னே தெரியல. நாலு எட்டு தள்ளி இன்னொண்ணு. அதுலயும் நாந்தான் கும்புடுதேன். கழுகுமல ரோட்டுல ஒண்ணு, ராஜபாளையம் ரோட்டுல மண்டப வாசல்ல ஒண்ணு. ஆவணி முகூர்த்தம்லா, எல்லாக் கடையிலயும் காதுகுத்து ஆர்டர் காத்துக் கெடந்திருக்கு. தொறந்தவனெல்லாம் மீசக்காரன் இல்ல, வேற ஆளு நிக்கான், அப்ப போட்டோ வந்துட்டுன்னு அடிச்சுத் தள்ளிட்டான். கடைப் பிள்ளைகளுக்கு என்னயத் தெரியாதான்னு கேப்பிய. தெரியும். ஆனா அந்தப் படத்துல இருந்தது நான்னு அதுகளுக்குத் தெரியல. அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தந்தான்.

சாயங்காலம் சங்கத்துல கூட்டம். என்னயத்தான் தலைம தாங்கச் சொன்னாவ, செயலாளர்ங்கிறதால. உள்ள போனா, பட்டாளத்துல இருந்து லீவுல வந்த ஒரு தம்பி பிளெக்ஸச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கான். "எங்க அக்கா பிள்ளைக்கு நாந்தான் மாமன். காஷ்மீர்ல இருந்து மூணு ரயில் மாறி வாரேன். வாசல்ல எவன் படமோ நிக்கி. யாருலே இவன்?"னு விரிச்சுக் காட்டுதான். எல்லாரும் படத்தப் பாக்காவ, அப்புறம் என்னயப் பாக்காவ. மறுபடி படத்தப் பாக்காவ. ஞானதிரவியம் அண்ணாச்சிதான் கண்ணாடியக் கழத்தித் தொடச்சுட்டு, "வேய், அந்த மூக்கு உம்ம மூக்குல்லா?"ன்னாரு. மூக்க நான் தொடல பாத்துக்கிடுங்க. அது நல்லா இருக்குன்னு விட்டுட்டேன்.

பெனாசிருக்குப் போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாவ. "கோமதி அண்ணே, மாதிரிப் படத்த நீங்கதான் மாத்தியிருக்கீங்க, இங்க காட்டுது. தொட்டியில கலந்தா எல்லாக் குழாயிலயும் வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் ஒரு வீட்டுக்குத்தானம்மா மாத்தினேன்" அப்படின்னேன்.

"ஒரு வீட்டுக்குன்னு தனியா தொட்டி எங்கண்ணே இருக்கு?"

அந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியுது, அவ்வளவுதான் சொல்லுவேன். பழைய மீசக்காரன அவளே திருப்பி ஏத்திட்டா. பாஸ்வேர்டையும் மாத்திட்டா. ஒரு வார்த்த என்கிட்ட கேக்கல.

பிளெக்ஸெல்லாம் திரும்ப அடிச்சுக் குடுக்கேன்னு ஒத்துக்கிட்டேன். பட்டாளத்துக்காரன் விடல. "மூஞ்சிய மட்டும் காட்டிட்டுப் போனா சரியாப் போச்சா? மாமன்னு நின்னேருல்லா? சீர் யாரு செய்வா? எந்தெந்த வீட்டு வாசல்ல நின்னேரோ அந்தந்த வீட்டுக்குத் தாம்பாளம் போகணும், துணி போகணும்"னான். எல்லாரும் கையத் தட்டிட்டாவ. அதான் அண்ணாச்சி இந்தப் பை. மானூர்க்காரவுக சங்கரன்கோவில்ல பிளெக்ஸ் அடிச்சவுக. இது மூணாவது வீடு. முதல் வீட்டுல பாயாசம் போட்டாவ.

அதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஊரே சிரிச்சாலும் என் மருமகன் பிளெக்ஸ்ல நான் ஏறிட்டேன்லா, அது போதும்னு இருந்தேன். ஞானதிரவியம் அண்ணாச்சிய ஓரமாக் கூட்டிட்டுப் போயி மெதுவாக் கேட்டேன், "எங்க மாப்பிள்ள வீட்டு பிளெக்ஸ் அடிச்சாச்சா?"

"போன வாரமே அடிச்சாச்சே."

"மாமன் படம்?"

"உம்ம மாப்பிள்ள மாமன் படமே வேண்டாம்னுட்டான் வே. அந்தக் கட்டத்தையே எடுத்துட்டுத்தான் அடிச்சேன்."

அண்ணாச்சி, ஊர் பூரா நான் மாமன். ஒரே ஒரு வாசல்ல மட்டும் நான் இல்ல. அங்கனயே உக்காந்துட்டேன். அழுகைய அடக்க முடியல, எல்லாவனும் பாத்துக்கிட்டு நிக்கான், அப்படியும் அழுதேன். பட்டாளத்துக்காரன் பயந்துபோயி தண்ணி மோந்து குடுத்தான்.

அந்த நேரம் பாத்துக் கதவத் தொறந்துக்கிட்டு வாராவ மாப்பிள்ளயும் வடிவும். கையில தாம்பாளம். வெத்தல, பாக்கு, பழம், பத்திரிக. கடையில போயிக் கேட்டு, சங்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சு நேரா வந்திருக்காவ. அன்னைக்குத்தான் நாள் நல்லாருந்துதாம், அதான் அதுவரைக்கும் வரலையாம். நான் எந்திரிக்கல.

"என் படமே வேண்டாம்னுட்டு என்னத்துக்கு மாப்பிள்ள வெத்தல?"ன்னேன்.

மாப்பிள்ள தாம்பாளத்தக் கீழ வைக்காம நின்னுக்கிட்டே சொன்னான். "மச்சான், உங்க படத்தப் போட்டா நீங்க படத்தத்தான் பாத்துட்டு நிப்பிய. வீட்டுக்குப் பால் காய்ச்சுன அன்னைக்கு என்ன செஞ்சிய? வாசல்ல ஏணியப் போட்டு, பிளெக்ஸ் சாஞ்சிருக்கு நிமுந்திருக்குன்னு கட்டிக்கிட்டே கெடந்திய. உள்ள பால் பொங்குது. அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு உங்க தங்கச்சி அடுப்புக்கும் வாசலுக்குமா அலைஞ்சா. நீங்க வரல. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் பால ஊத்தினா. எனக்கு அதான் கோவம். படம் எந்த அளவு இருந்தா எனக்கென்ன?"

வடிவு தலையக் குனிஞ்சுக்கிட்டு முந்தானையத் திருகிக்கிட்டு நின்னா. அப்புறம், "பிளெக்ஸ்ல யாரு வேணா நிக்கட்டும்ணே. நீ வந்து உக்காரு"ன்னா.

நான் மாப்பிள்ளகிட்டச் சொன்னேன், பால் பொங்கினா நுரைதானப்பா வரும், அதுல பாக்க என்ன இருக்குன்னு. ஞானதிரவியம் அண்ணாச்சி என் தொடையில நறுக்குன்னு கிள்ளினாரு. வாய மூடிக்கிட்டு தாம்பாளத்த வாங்கிக்கிட்டேன். ரெண்டு கையாலயும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழம சாஸ்தா கோயில்ல காதுகுத்து. வாசல்ல பிளெக்ஸ். அந்தப் பக்கமே பாக்கப்பிடாதுன்னு குனிஞ்சுக்கிட்டே போனேன். ஒரே ஒரு பார்வதான் பாத்தேன். மஞ்சள் மேல மஞ்சள் எழுத்து, ஒரு எழவும் வாசிக்க முடியல. ஞானதிரவியம் அண்ணாச்சி கைவரிச அவ்வளவுதான். நான் மூச்சு விடல. நேராப் போயி மணையில உக்காந்தேன்.

வடிவு பயலக் கொண்டாந்து மடியில வச்சா. புது ஆளுன்னு வீறிட்டு அழப்போறான்னு நெனச்சேன். அவன் என் மீசையப் பிடிச்சுக்கிட்டு இழுத்தான் அண்ணாச்சி. விடவே இல்ல. ஆசாரி முதக் காதுல குத்துதாரு, அவன் கத்துதான், நானும் கத்திட்டேன். கூட்டமே சிரிக்கி. ரெண்டாவது காதுக்கு முன்னால வேட்டிய நனச்சுட்டான். பட்டு வேட்டி. போயி மாத்திட்டு வாங்க, காத்திருக்கேன்னு ஆசாரி சொன்னாரு. நான் அசையல. எந்திரிச்சா, மெட்ராஸ்ல இருந்து வந்திருந்த இசக்கிராஜ் அந்த எடத்துல உக்காந்துட்டான்னா?

ரெண்டு காதும் குத்தி முடிஞ்சு, அழுது ஓஞ்சு, பய என் மேலயே சாஞ்சு தூங்கிட்டான். அப்ப மாப்பிள்ள போன்ல ஒரு படம் எடுத்தான். இந்தா, பாருங்க. என்ன தேடுதிய? மூஞ்சியா? அது விழல. அவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது, கழுத்தோட வெட்டிட்டான். ஈர வேட்டி தெரியுது, ரெண்டு கை தெரியுது, பிள்ள தெரியுது. கடைக் கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சுப் பாத்தேன். வேட்டிக் கறைய எடுக்க எனக்கு அர நிமிசம். தலைய ஒட்ட ஒரு நிமிசம், முறுக்கு மீசையோட தல தயாரா கெடக்கு. தோணல அண்ணாச்சி. ஒண்ணுமே செய்யாம மூடிட்டேன்.

மானூர் வந்துட்டு போலுக்கே. அந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க, எறங்குதேன். போனக் குடுங்க. அட, ரெண்டு விரல வச்சு இழுக்காதிய, பெருசு பண்ண வேண்டாம். அந்த அளவே போதும்.